காருக்குள் எரிய வேண்டிய விளக்கு

நான் பயந்த சுபாவக்காரன். இந்த வயதில் அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. இளமையில் இருந்தது. அதனால் பயத்துக்கு வேறு வேறு பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். முன்யோசனை என்பேன், நிதானம் என்பேன், கிராணி வேலை பார்க்கிறவனுக்கு ஒழுங்கு வேண்டாமா என்பேன். என் மனைவி மட்டும் அந்தப் பெயர்களில் ஒன்றைக்கூட நம்பியதில்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம். மலாக்காவில் காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. பண்டார் ஹிலிரில் ஒரு வியாபாரக் கம்பெனியில் எனக்குக் கணக்கெழுதும் கிராணி வேலை. தோட்டத்துத் துரைமார்கள் ஒவ்வொருவராகச் சீமைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அப்படிப் போன ஒருவரிடமிருந்து அவருடைய பழைய கறுப்புக் காரை வாங்கினேன். ஜப்பான்காரன் சண்டைக்கு முன்பே கப்பலில் வந்து இறங்கிய வண்டி. ஏறி உட்கார்ந்தால் தோல் சீட்டும் துரையின் சுருட்டு வாசனையும் சேர்ந்து என்னைப் பெரிய மனிதனாக்கிவிடும்.

அந்த வண்டியின் கூரையில் உள்பக்கமாக ஒரு சின்ன விளக்கு இருந்தது. அதை இரண்டு விதமாக எரிய வைக்கலாம். விளக்கின் ஓரத்திலேயே ஒரு சுவிட்ச். அதைத் தள்ளினால் எரியும். இல்லையென்றால் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறக்க வேண்டும். கதவு சாத்தும் தூணில் பட்டாணி அளவுக்கு ஒரு பித்தளைப் பொத்தான் உண்டு. கதவு அதை அழுத்திக்கொண்டிருக்கும் வரை விளக்கு தூங்கும். கதவு திறந்தால் பொத்தான் வெளியே துள்ளும், விளக்கு எரியும். வண்டி வந்த புதிதில் ஒரு நாளைக்குப் பத்து தடவை கதவைத் திறந்து சாத்தி அந்த வேடிக்கையைப் பார்த்திருக்கிறேன்.

வேடிக்கை வீட்டு வாசலில்தான். ரோட்டில் அந்த விளக்கு உயிர் சம்பந்தப்பட்டது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட எமர்ஜென்சி காலம் இன்னும் முடியவில்லை. மலாக்காப் பக்கம் ஊரடங்கை எடுத்துவிட்டார்கள். ஆனால் எல்லை தாண்டி ஜொகூருக்குள் நுழைந்தால் ரோட்டின் குறுக்கே தடுப்புக் கட்டையும் மணல் மூட்டையும் துப்பாக்கியும் இருக்கும். இருட்டிய பிறகு அங்கே வருகிற வண்டி, தூரத்திலேயே முன்விளக்கைக் குறைத்து, உள்விளக்கைப் போட்டு, ஊர்ந்து வர வேண்டும். உள்ளே இருக்கிறவர்களின் முகம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உள்ளே யார் என்று காவல் சிப்பாய்களே முடிவு செய்துகொள்வார்கள். நான் முடி வெட்டிக்கொள்ளும் கடையில் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு லாரிக்காரன் உள்விளக்கைப் போட மறந்தானாம், கண்ணாடியில் மூன்று ஓட்டையாம். அடுத்த மாதம் நான் போனபோது அது ஏழு ஓட்டையாகியிருந்தது. எனக்கு மூன்றே போதுமானதாக இருந்தது.

என் மாமனார் இருந்தது அந்தத் தடுப்புக்கு அப்பால், ஒரு ரப்பர் தோட்டத்தில். மாமியார் இல்லை. தொழிலாளர் லயத்து வீட்டில் தனியாக இருந்தார். மாதம் ஒருமுறை அவரைப் பார்க்கப் போவோம். வெயில் கொளுத்தும்போது போய், வெயில் இருக்கும்போதே திரும்பிவிடுவோம். அதுதான் என் முன்யோசனை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் காரையும் சேர்த்துக்கொண்டேன். சொந்தக் காருக்குப் பூஜை போடுகிற முதல் வருஷம். அக்கம்பக்கம் பார்க்க வேண்டாமா? காலையிலேயே எல்லாக் கதவையும் திறந்து போட்டு, உள்ளே வெளியே ஒரு இடம் விடாமல் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை செய்த மாலை, சக்கரத்துக்கு நான்கு எலுமிச்சம்பழம். பிறகு சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துக்கொண்டு பொட்டு வைக்க ஆரம்பித்தேன். ஸ்டியரிங்குக்கு, ஹாரனுக்கு, கியர் தலைக்கு, ஒவ்வொரு கைப்பிடிக்கும். வைக்க வைக்க பக்தி கூடிக்கொண்டே போனது.

“போதுங்க. காடிக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு,” என்றாள் என் மனைவி.

அவள் சிரித்ததால் எனக்கு வீம்பு வந்துவிட்டது. தேடித் தேடி வைத்தேன். கதவுத் தூணில் இருந்த அந்தப் பித்தளைப் பொத்தானும் அகப்பட்டது. அதற்கும் ஒரு பெரிய பொட்டு, நடுவில் குங்குமம். ஈரம் காயும் முன்பே கதவைச் சாத்திவிட்டு கற்பூரம் காட்டினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிவாக்கில் தோட்டத்து லாரி டிரைவர் வாசலில் நின்றார். மாமனாருக்கு இரண்டு நாளாக மூச்சு வாங்குகிறது, மகளைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் மனைவி உள்ளே போய் இரண்டு புடவையையும் ஒரு டின் பாலையும் பைக்குள் வைத்துக்கொண்டு ஐந்தே நிமிஷத்தில் வெளியே வந்து நின்றாள்.

நான் காரைத் திறந்தேன். கூரை விளக்கு எரியவில்லை.

சுவிட்சைத் தள்ளிப் பார்த்தேன். எரியவில்லை. மறுபடியும், மறுபடியும் தள்ளினேன்.

“இப்ப என்னங்க அதுக்கு? பகல்லதான போறோம். ராத்திரி அங்கயே தங்கிட்டு நாளைக்கு வெளிச்சத்துல வந்துரலாம். ஆபீசுக்கு லீவு சொல்லிக்கலாம்.”

“வழியில டயர் பஞ்சர் ஆச்சுன்னா? மழை புடிச்சு மரம் விழுந்துச்சுன்னா? அங்கயே இருட்டிருச்சுன்னா என்ன செய்வ? வெளக்கு இல்லாம இந்த வண்டிய எடுக்க மாட்டேன்.”

“பதினோரு மணிக்குக் கெளம்புனா ஒரு மணிக்கெல்லாம் அப்பா மொகத்தப் பாத்துரலாம்.”

அவள் கெஞ்சினாள் என்று சொல்ல மாட்டேன். அவளுக்குக் கெஞ்சத் தெரியாது. கணக்குச் சொன்னாள். அந்தக் கணக்கு சரியானது என்று எனக்கும் தெரியும். ஆனால் பயத்துக்குக் கணக்கு ஏறாது. மூன்று ஓட்டை விழுந்த கண்ணாடி என் கண்ணுக்கு முன்னால் நின்றது.

நானே வேலையில் இறங்கினேன். விளக்கின் மூடியைக் கழற்றினேன். உள்ளே சுருட்டுத் துண்டு மாதிரி நீளமான பல்பு, இரண்டு முனையிலும் பித்தளைக் குப்பி. அதைப் பாட்டரி முனையில் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று எரிந்தது. ஃபியூஸ் போயிருக்குமோ என்று பார்த்தேன். ஹாரனுக்கும் அதே ஃபியூஸ்தான். ஹாரன் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறியது. ஆக பல்பும் நல்லது, ஃபியூஸும் நல்லது, விளக்கு மட்டும் எரியாது. என் அறிவு அத்தோடு முடிந்தது.

தெருக் கோடியில், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டி குடும்பத்துக்காரர் ஒருவர் இருந்தார். சாமியெல்லாம் நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். பஸ் கம்பெனிப் பட்டறையில் வயரிங் வேலை பார்க்கிறவர். அவர் வீட்டுக்கு ஓடினேன். ஷிப்டுக்குப் போயிருக்கிறார், இரண்டு மணிக்குத்தான் வருவார் என்றார்கள். சரி, இரண்டு மணிவரை இருப்போம் என்று திரும்பி வந்தேன். என் மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறியது. சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. வண்டியை விட்டு இறங்கவும் இல்லை.

அவர் வந்தபோது மூன்று மணி. வாயில் ஸ்குரூ டிரைவரைக் கடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். சுவிட்சைக் கழற்றி என்னிடம் காட்டினார். உள்ளே நகம் மாதிரி மெல்லிய பித்தளைத் தகடு ஒன்று. அதுதான் தொட்டு மின்சாரத்தைக் கடத்த வேண்டும். அது வளைந்து எதையும் தொடாமல் நின்றது. “ரோசாக்,” என்றார். கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். யார் இதை இப்படிப் போட்டு அழுத்தினது என்று மலாயில் கேட்டார். முந்தின நாள் ஈரத்துணியோடு நான் காட்டிய பக்தி எனக்கு நினைவு வந்தது. தெரியவில்லையே என்றேன்.

தகட்டை அவர் பக்குவமாக நிமிர்த்தி வைத்தார். விளக்கு எரிந்தது. நான்கு தடவை தள்ளினால் மூன்று தடவை எரிந்தது. “இது தற்காலிகம்தான், கிராணி. புதுசு வாங்கிப் போடுங்க. ஆனா பயமில்ல, இது கைவிட்டாலும் கதவ லேசாத் திறந்தா விளக்கு வந்துரும்,” என்று மலாயில் சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தித் திறந்தார். விளக்கு வரவில்லை. குனிந்து தூணைப் பார்க்கப் போனார்.

அவருக்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். பொத்தானைச் சுற்றி மஞ்சளாக ஒரு பூச்சு. என் சந்தனம்தான். கதவு அழுத்தியபடியே இரவெல்லாம் காய்ந்து, சுண்ணாம்பு மாதிரி இறுகி, பொத்தானை உள்ளேயே பிடித்து வைத்திருந்தது.

இதைச் சொல்லத்தான் இன்றும் கூசுகிறது. ‘பாருங்கள், பொட்டு வைத்துக் கெடுத்துவிட்டேன், கொஞ்சம் சுரண்டி விடுங்கள்’ என்று நான் சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷ வேலை. ஆனால் முன் சீட்டில் என் மனைவி இருந்தாள். அம்மை போட்ட மாதிரி இருக்கிறது என்று சிரித்தவள். ஐந்து மணி நேரமாகக் காத்திருப்பவள். அதெல்லாம் பரவாயில்லை, மேலே எரிகிறதே, அது போதும், நேரமாகிவிட்டது என்று நான் தூணுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

நாங்கள் கிளம்பும்போது நாலே கால்.

ஜாசின் தாண்டியதும் மழை பிடித்தது. துடைப்பான் ஒரு பக்கம் மட்டும்தான் வேலை செய்தது. மாட்டுவண்டி வேகத்தில்தான் ஓட்ட முடிந்தது. மழை விட்டபோது எல்லை தாண்டியிருந்தோம், மணி ஆறரை. தோட்டத்துக் கேட்டை ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் உள்ளே போகாவிட்டால் அவள் அப்பாவை அன்றைக்குப் பார்க்க முடியாது. ஊரடங்கு வந்துவிடும், நாங்கள் ரோட்டில் நிற்கவும் கூடாது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் மேலே கூடி நின்றன. வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்திருக்கலாம். ரோட்டில் இல்லை.

பகலில் போயிருந்தால் இந்த விளக்கே தேவைப்பட்டிருக்காது. விளக்கு இல்லையே என்று பயந்து உட்கார்ந்திருந்துதான் இருட்டில் வந்து மாட்டிக்கொண்டோம். இதை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் நினைத்துக்கொண்டிருந்திருப்பாள்.

வளைவைத் திரும்பியதும் தூரத்தில் தடுப்புக் கட்டையில் தொங்கிய அரிக்கன் விளக்கு தெரிந்தது. முன்விளக்கைக் குறைத்தேன். கண்ணாடிகளை இறக்கினோம். கையைத் தூக்கிக் கூரைச் சுவிட்சைத் தள்ளினேன்.

எரிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியது, விளக்கு அணைந்தது.

தள்ளினேன். இல்லை. இழுத்தேன், தள்ளினேன். இல்லை. நான்கில் மூன்று தடவை எரிந்த சுவிட்ச், பத்தில் ஒரு தடவைகூட எரியவில்லை. வண்டி தன்பாட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது. இருட்டிலிருந்து ஒரு குரல், “ஸ்டாப்!” என்றது. பிரேக்கை மிதித்தேன். எஞ்சின் அணைந்துவிட்டது. எஞ்சின் சத்தம் போனதும் மரங்களில் மழைத்தண்ணீர் சொட்டுவது பெரிதாகக் கேட்டது.

“லைட்! லைட்!”

முகம் தெரியவில்லை. டார்ச் அடித்தால் அடிக்கிறவன் நிற்கும் இடம் தெரிந்துவிடும் என்று அவர்கள் முதலில் அடிக்க மாட்டார்கள். துப்பாக்கியில் தோட்டா ஏற்றுகிற ‘கடக்’ சத்தம் மட்டும் கேட்டது. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. நான் துப்பாக்கிக்குப் பயந்ததைவிட அந்தக் குரலுக்குப் பயந்தேன். அது நடுங்கியது. என்னைப் போலவே பயந்த ஒருவனிடம் துப்பாக்கி இருந்தது.

அந்த நேரத்தில் செட்டிக்காரர் சொன்னது மட்டும்தான் மண்டையில் ஓடியது. கதவை லேசாகத் திறந்தால் விளக்கு வந்துவிடும். சந்தனம், பொத்தான் எல்லாம் மறந்துபோய்விட்டது. கதவைத் திறந்தேன். விளக்கு வரவில்லை. கதவு கிரீச்சிட்டதுதான் மிச்சம். இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் கத்தின. எனக்கு இங்கிலீஷ் தெரியும்; தினம் அதில்தான் கடிதம் எழுதுகிறேன். அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. கையும் காலும் என்னுடையவையாக இல்லை.

அப்போது என் சட்டைப் பைக்குள் ஒரு கை நுழைந்தது. என் மனைவியின் கை. நான் சிகரெட் பிடிக்கிறவன், பையில் தீப்பெட்டி இருந்தது, எனக்கு அது தோன்றவே இல்லை. முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது பற்றியது. அதை அவள் என் பக்கம் கொண்டுவரவில்லை. தன் முகத்துக்கு நேரே, மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி அசையாமல் உட்கார்ந்தாள். நெற்றிக் குங்குமம் தெரிந்தது, மூக்குத்தி தெரிந்தது, கண் கொட்டாமல் இருட்டைப் பார்ப்பது தெரிந்தது. குச்சி விரல்வரை எரிந்தது. கீழே போடவில்லை. அதிலேயே இன்னொன்றைப் பற்ற வைத்துக்கொண்டாள்.

“வுமன்,” என்று யாரோ சொன்னார்கள். பிறகுதான் டார்ச் வந்தது. முகத்தில் பரு மாறாத ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் எட்டிப் பார்த்தான். துப்பாக்கிக் குழல் ஜன்னல் விளிம்பில் டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. அவன் கை அப்படி ஆடியது. பையைத் திறக்கச் சொன்னான், அடையாள அட்டையைப் பார்த்தான், திட்டினான், போகச் சொன்னான். கேட் பூட்டுவதற்கு நான்கு நிமிஷம் முன்னால் தோட்டத்துக்குள் நுழைந்தோம். மாமனார் மூச்சு வாங்கிக்கொண்டே எழுந்து உட்கார்ந்து, இவ்வளவு நேரமா என்று மகளைக் கேட்டார். மழை என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் அதற்குப் பிறகும் ஆறு வருஷம் இருந்தார்.

மறுநாள் காலையில் அவள் கொண்டை ஊசியால் அந்தப் பொத்தானைச் சுற்றிச் சுரண்டினாள். மஞ்சள் தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. பொத்தான் வெளியே துள்ளியது, கூரை விளக்கு எரிந்தது. ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். ஊசியைத் துடைத்துக் கொண்டையில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

நல்ல வெயிலில் திரும்பினோம். தடுப்புக் கட்டையில் வேறு ஆட்கள் நின்றார்கள், கையை ஆட்டி அனுப்பினார்கள். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

“எம் மொகத்துக்கு நேரா புடிச்சிருக்கலாம்ல. ஏன் ஒன் மொகத்துக்கிட்ட புடிச்ச?”

“பொம்பள மொகத்தப் பாத்தா சுடறதுக்குக் கொஞ்சம் யோசிப்பாங்கன்னுதான்.”

“யோசிக்காம சுட்டிருந்தா?”

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சிரித்தாள். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“நீங்க தப்பிச்சிருப்பீங்க. அதான் ஒரு காலு வெளிய இருந்துச்சே.”

தீக்குச்சி வெளிச்சத்தில் சிப்பாய்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். குச்சியைக் கிழித்துத் திரும்புவதற்குள் அவள் என் வலது காலைப் பார்த்திருக்கிறாள். அது ரோட்டில் ஊன்றியிருந்தது எனக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் இரவெல்லாம் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். கதவைத் திறந்தது விளக்குக்காகத்தான். கதவைத் திறக்கக் காலை வெளியே வைக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் என்னோடு வாழ்ந்தாள். எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம், எதையெதையோ சொல்லிக் காட்டியிருக்கிறாள். இதை மட்டும் மறுபடி ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.